படகின் பின்னிருக்கை

பிட்டர்ன் ஏரி, மினசோட்டா
மே 4, 1975

அன்புள்ள தம்பி லென்னார்ட்டுக்கு அண்ணி கெர்டா எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். உன் இருமல் விட்டதா? அலாஸ்காவின் அந்த எண்ணெய்க் குழாய் போடும் முகாமில் பச்சைக் காய்கறி கண்ணில் படுகிறதா, இன்னும் டப்பா பீன்ஸ்தானா?

ஏரி திறந்துவிட்டது. வியாழக்கிழமை காலைவரை சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. மதியம் தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. பனிக்கட்டி முழுவதும் சில்லுச் சில்லாக நொறுங்கி வடகரைப் பாறைகள்மேல் ஏறிக் குவிந்தது. சாயங்காலம் பார்த்தால் நீலத் தண்ணீர். லூன் பறவை ஜோடி அன்றைக்கே வந்து இறங்கிவிட்டது. இத்தனை நாள் எங்கே காத்துக்கொண்டிருந்தனவோ!

படகுத்துறைப் பலகைகளைத் தண்ணீரில் இறக்கி மாட்ட எதிர்க்கரை மெல்வின் வந்தார். "உங்க வீட்டுக்காரர் கரையில நின்னு மேஸ்திரி வேலை பார்க்கிறாரே, என்ன விசேஷம்?" என்று கேட்டார். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று சொன்னேன். மரவேலை வகுப்பில் இந்த வருடம் கூட்டம். வீட்டுக்கு வரும்போதே களைத்துப்போய் வருகிறார். அதனால்தான் இந்தக் கடிதமும் என் கையெழுத்தில்.

அடுத்த சனிக்கிழமை மீன்பிடி பருவம் தொடங்குகிறது. "முதல் பைக் மீன் எனக்குத்தான்னு எழுது. அவன் இங்க இல்ல, போட்டிக்கு யார் இருக்கா?" என்கிறார் உன் அண்ணன். எழுதிவிட்டேன்.

குளிரில் தொப்பி இல்லாமல் சுற்றாதே.

அன்புடன்,
கெர்டா

*

குழாய்ப் பணி முகாம், அலாஸ்கா
மே 25, 1975

அன்புள்ள அண்ணிக்கும், பேனா பிடிக்கச் சோம்பல்படும் அண்ணனுக்கும்,

இருமல் போய்விட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். காரணம் ரொட்டி. ரொட்டிக்குக் காரணம் நோரீன்.

ஆமாம் அண்ணி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோரீன் இந்த முகாமின் சமையலறையில் ரொட்டி சுடுகிறவள். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் ஊர். நான் தினமும் இரண்டாம் தடவை வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "உங்க வயித்துல ஓட்டை இருக்கா, இல்ல உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். செப்டம்பரில் கல்யாணம். நம் ஏரிக்கரையில்தான், பூர்ச்ச மரங்களுக்குக் கீழே. நோரீனுக்கு நீந்தத் தெரியாது. அண்ணன்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி படகிலிருந்து தள்ளிவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

முதல் பைக் மீன் என்ன எடை? பொய் எடை வேண்டாம். இதற்காவது அண்ணன் தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். திட்டி எழுதினாலும் சரி.

நீங்கள் இருவரும் சுகம்தானே?

உங்கள் பாசமுள்ள
லென்னார்ட்

*

பிட்டர்ன் ஏரி
ஜூன் 26, 1975

அன்புள்ள லென்னார்ட்டுக்கும், இன்னும் பார்க்காத நோரீனுக்கும்,

சுகம். உன் கடிதத்தை அவருக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். "ரொட்டி சுடுறவளா? இவனுக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச பொண்ணு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் ஓரமாக வெகுநேரம் நின்றார். சந்தோஷம் அவருக்கு அப்படித்தான், உனக்குத் தெரியும்.

நடுக்கோடைத் தீயை இந்த வருடமும் கரையில் மூட்டினோம். மெல்வின் பழைய வேலியைப் பிய்த்துக் கொண்டுவந்து போட்டார். சவுனா நீராவி அறையில் உட்கார்ந்து வெந்துவிட்டு எல்லாரும் ஏரியில் குதித்தோம். உன் அண்ணன் குதிக்கவில்லை. படகுத்துறையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களைக் கேலி பண்ணினார். கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் பேனா பிடிக்க முடியவில்லை. ஆறட்டும், எழுதுவார்.

சாயங்காலங்களில் துடுப்புப் படகில் ஹெரான் தீவுவரை போய் வருகிறோம். இப்போது பின்னிருக்கையில் நான். திசை திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டேன். முதல் வாரம் வட்டமாகவே சுற்றினேன். "அடியே, நாம ஊருக்குப் போறோமா, ராட்டினத்துல சுத்துறோமா?" என்று முன்னாலிருந்து ஒரே கிண்டல். முன்னிருக்கையிலிருந்து பார்த்தால் ஏரி வேறு மாதிரி இருக்கிறதாம். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம், அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

கொசு இந்தத் தடவை அதிகம். நோரீனிடம் இப்போதே சொல்லிவை.

இருவரும் நன்றாக இருங்கள்.

கெர்டா

*

அலாஸ்கா
ஜூலை 20, 1975

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறோம். ராத்திரியிலும் சூரியன் அணையாததால் தூக்கம்தான் இல்லை.

அண்ணன் பின்னிருக்கையை விட்டுக்கொடுத்தாரா! இதை முகாமில் யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்றால் அவரைத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. எனக்குப் பதினேழு வயதில் ஒருநாள், ஒரே ஒரு நாள், பின்னால் உட்காரக் கேட்டேன். "நீ கல்யாணம் பண்ணு, பார்க்கலாம்" என்றார். இப்போது கல்யாணம் பண்ணப் போகிறேன் என்று ஞாபகப்படுத்துங்கள்.

நோரீனுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, பழையதெல்லாம் வருகிறது. அம்மாவின் கடைசிக் குளிர்காலம். எனக்கு ஆறு வயது இருக்கும். அம்மாவால் நடக்க முடியாது. அண்ணன் அம்மாவைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பனிக்கட்டிமேல் நாற்காலிச் சறுக்குவண்டியில் உட்காரவைப்பார். நான் சறுக்கி விழும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள். சிரிப்பில் சத்தம் வராது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அது என்ன நோய் என்றுகூட அண்ணன் சொன்னதில்லை. கேட்டால் "நரம்பு பலவீனம்" என்பார்.

நோரீனுக்கு நிறையப் பிள்ளைகள் வேண்டுமாம். "அஞ்சு" என்கிறாள். ஐந்து பேரும் நம் படகுத்துறையிலிருந்து குதிக்கப் போகிறார்கள். நீங்களும் அண்ணனும் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை சரியா? உடனே எழுதுங்கள். கட்டைவிரல் ஆறியிருக்குமே, அண்ணனையும் எழுதச் சொல்லுங்கள்.

லென்னார்ட்

*

பிட்டர்ன் ஏரி
ஆகஸ்ட் 29, 1975

அன்புள்ள லென்னார்ட்டுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

புளூபெர்ரி இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. தீவில் பறித்தேன். நான் பறிக்க, உன் அண்ணன் படகில் உட்கார்ந்தபடி கரடி வருகிறதா என்று காவல். கரடி வரவில்லை. பறித்ததில் பாதி என் வாய்க்கும் அவர் வாய்க்கும் போய்விட்டது.

கல்யாண விஷயம். இங்கே வைத்துக்கொள்வது சிரமமாக இருக்கும் போலிருக்கிறது. ஏரிக்கு வரும் பாதையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எப்போது முடியும் என்று தெரியவில்லை. நீங்கள் இருவரும் அங்கேயே பண்ணிக்கொண்டால் நல்லது என்று உன் அண்ணனும் நினைக்கிறார். தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் அவருடைய விருப்பம். சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

லூன் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தண்ணீர்மேல் ஓடி ஓடி எழும்பப் பார்த்துத் திரும்பவும் விழுகிறது.

கெர்டா

*

அலாஸ்கா
செப்டம்பர் 17, 1975

அண்ணிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாதை தோண்டியிருந்தால் அண்ணன் எப்படிப் பள்ளிக்கூடம் போய் வருகிறார்? பாதை இல்லையென்றால் படகில் வந்து கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பாதை காரணம் இல்லை. நாங்கள் வருவது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

நோரீன் கத்தோலிக்கப் பெண் என்பதாலா? முகாமில் வேலை செய்கிறவள் என்பதாலா? அல்லது நான் ஏதாவது செய்தேனா? செய்திருந்தால் அண்ணன் நேராகத் திட்டட்டும். என்னை வளர்த்தவர் அவர். அப்பா குடித்துவிட்டுக் கிடந்தபோது எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவர் அவர். அப்படிப்பட்டவர் என் கல்யாணத்துக்கு இரண்டு வரி எழுதவில்லை. தூண்டில் முள் ஏறிய விரல் ஆற எத்தனை மாதம் ஆகும்?

நோரீன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு என்னை வேண்டாமா?" என்று கேட்டாள்.  பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அக்டோபர் கடைசியில் ஃபேர்பேங்க்ஸ் நீதிமன்றத்தில் கல்யாணம். யாரும் வர வேண்டாம்.

லென்னார்ட்

*

பிட்டர்ன் ஏரி
அக்டோபர் 5, 1975

என் அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நோரீன் பக்கத்தில் இருந்தால், நீ முதலில் தனியாகப் படி.

உன் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. கட்டைவிரலில் முள் ஏறவில்லை. பாதையும் தோண்டவில்லை. இரண்டும் நான் சொன்ன பொய். பிப்ரவரியில் வகுப்பில் உளி கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார், விரல் மடங்கவில்லை. மார்ச்சில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் சோதித்தார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார். உன் அண்ணன் அம்மாவைச் சொன்னார். அம்மாவின் தம்பியைச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு வந்த நோய்தான் லென்னார்ட். குடும்பத்தில் இறங்கி வருகிறது. உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு வரலாம், இன்னொருவருக்கு வராமலும் போகலாம். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்றார். மருந்தும் இல்லை.

 காரில் திரும்பி வரும்போது, ஏரி தெரிந்ததும் சொன்னார்.

"அவனுக்கு எழுதாதே."

"எப்படிங்க எழுதாம இருக்கிறது? தம்பியாச்சே."

"தம்பிங்கிறதாலதான் சொல்றேன். அவனுக்கு வராமப் போனா? வராத ஒண்ணுக்காக அவன் ஆயுசு பூரா பயந்துக்கிட்டு இருக்கணுமா?"

"வந்துட்டா?"

"வந்தா அப்பத் தெரிஞ்சுக்குவான். நான் தெரிஞ்சுக்கலையா?"

சத்தியம் பண்ணினேன். நோரீனைப் பற்றி நீ எழுதிய பிறகு அந்தச் சத்தியம் இன்னும் கெட்டியாகிவிட்டது அவருக்கு. "கல்யாணம் முடியட்டும், ஒரு வார்த்தை மூச்சு விடாதே" என்று தினமும் சொல்கிறார். உன்னை இங்கே வரவிடாததும் அதனால்தான். அவரைப் பார்த்த நிமிடமே உனக்குத் தெரிந்துவிடும். கோடையில் கைகள், இப்போது கால்களும். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. படகில் அவரை இறக்குவதும் ஏற்றுவதும் மெல்வினும் நானும். நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தது ஆசைக்கு அல்ல.

நேற்றுக் கடைசியாகப் படகை எடுத்தோம். தமராக் மரங்கள் மஞ்சளாகி இலைகள் ஊசி ஊசியாகத் தண்ணீரில் உதிர்ந்துகொண்டிருந்தன. முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, "நமக்குப் பிள்ளை இல்லாமப் போனது நல்லதாப் போச்சு கெர்டா" என்றார். இருபது வருடத்தில் நாங்கள் அதைப் பற்றி அழுதிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். அவர் அதற்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. துடுப்பை மடியில் வைத்துவிட்டேன். படகு தானாக மிதந்தது. எனக்கு உன்னுடைய ஐந்து பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டபோது இது யாருக்கும் தெரியாது. தெரிந்து என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பேன். ஆனால் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டும். நோரீனுக்கும் அது தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மேல் உன் இஷ்டம்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

உன் அண்ணி

*

பிட்டர்ன் ஏரி
நவம்பர் 30, 1975

அன்புள்ள லென்னார்ட்டுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமா என்று மட்டும் கேட்கிறேன். வேறு எதையும் கேட்கவில்லை.

ஏரி உறைந்துவிட்டது. பனி விழுவதற்கு முன்னால் உறைந்ததால் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருக்கிறது; குனிந்தால் அடியில் பாசி தெரிகிறது. உன் அம்மாவுடைய நாற்காலிச் சறுக்குவண்டி கொட்டகையில் கிடந்ததே, மெல்வின் அதன் இரும்பைத் தீட்டிக் கொடுத்தார். உன் அண்ணனை அதில் கட்டி உட்காரவைத்து, பின்னால் நின்று பனிக்கட்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு தீவைச் சுற்றி வருகிறேன். சும்மா மெதுவாகப் போனால் பிடிக்கவில்லை. "இன்னும் வேகமா! பிணத்தையா தள்ளிக்கிட்டுப் போறே?" என்று கத்துகிறார். பேச்சு இப்போது கொஞ்சம் குழறுகிறது. ஆனால் திட்டுவது தெளிவாக இருக்கிறது.

அக்டோபர் கடைசி நாளில், "இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். இருந்த விஸ்கியில் ஒரு வாய் ஊற்றச் சொல்லி உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் குடித்தார். நான்தான் கிளாஸை அவர் வாயில் பிடித்தேன்.

கெர்டா

*

அலாஸ்கா
டிசம்பர் 18, 1975

அன்புள்ள அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அண்ணன் எப்படி இருக்கிறார்? இந்தத் தடவை நிஜத்தை எழுதுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் ஏன் சொன்னீர்கள் என்று உங்கள்மேல் கோபம். பிறகு ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கோபம். அதுவும் தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தது பயம்தான். அதனால்தான் எழுதவில்லை. ஒவ்வொரு காலையும் பொத்தான் போடும்போது விரல்களைப் பார்க்கிறேன். குளிரில் மரத்துப்போனால்கூட மூச்சு நின்றுவிடுகிறது.

நோரீனிடம் சொன்னேன். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க என்கிட்ட மறைச்சிருக்கலாம். மறைக்கல. அதுக்காகவே உங்களைக் கட்டிக்கணும்னு இருக்கு" என்றாள். அப்புறம் மாவிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஆனா எனக்குத் தைரியம் இல்ல லென்னார்ட். எங்க அப்பாவைப் பத்து வருஷம் படுக்கையில வச்சுப் பார்த்தவ நான்." அந்த வாரமே ஸ்போக்கேனுக்குப் போய்விட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இல்லை என்று எழுதுகிறேன்.

ஜனவரியில் வருகிறேன். எனக்கு விஷயம் தெரியும் என்பதை அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும். நீங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு எழுதியதாகச் சொல்லுங்கள். நோரீன் போனதை மட்டும் சொல்ல வேண்டாம். கல்யாணம் நடந்தது, அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மோதிரம் வாங்கியிருக்கிறேன். அவர் எனக்காக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது நடந்துவிட்டது என்று இருக்கட்டும்.

லென்னார்ட்

*

அலாஸ்கா
பிப்ரவரி 8, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் தூங்குகிறீர்களா? உங்கள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு எனக்குக் கவலையாக இருந்தது. மெல்வினை வாரத்தில் இரண்டு நாளாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரத்தைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கடைசி நாள் ஏரிப் பனிக்கட்டிமேல் இருக்கும் மீன்பிடிக் குடிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை; அதைச் சொல்ல வேண்டும். அடுப்பு கணகணவென்று எரிந்தது. பனிக்கட்டி ஓட்டையில் தூண்டிலை விட்டுக் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினேன். நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குப் பயம். அவர் அழுதுவிடுவார் என்று எனக்கு. அப்போதுதான் கேட்டார், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து: "கல்யாணத்தைப் பத்தி... சொல்லுடா."

சொன்னேன் அண்ணி. நீதிபதிக்குச் சளி, "இன்று முதல் நீங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் தும்மினார், நாலு தடவை கல்யாணம் பண்ணிவைத்தார் என்றேன். நோரீனே சுட்ட கேக்கை முகாம் நாய் தின்றுவிட்டது என்றேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் சிரித்ததில் கயிறு ஆடி, மீன் கடித்தது என்று நினைத்து நான் இழுத்தேன், அதற்கும் சிரித்தார். அம்மா மாதிரியே, சத்தம் இல்லாத சிரிப்பு.

பிறகு, "உனக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எனக்கும் இருந்துச்சு. இப்ப... வேலை நிறைய. பயப்பட நேரம் இல்ல" என்றார். அவ்வளவுதான் பேசினோம். பெர்ச் மீன் நிறையக் கிடைத்தது. நான் பொரித்ததை நீங்கள் மசித்து ஊட்டினீர்கள்.

அவர் நம்பிவிட்டார். அது போதும் எனக்கு.

லென்னார்ட்

*

பிட்டர்ன் ஏரி
மே 2, 1976

அன்புள்ள லென்னார்ட்டுக்கு,

நான் சுகம். ஒருமையில் எழுதிப் பழக வேண்டியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

மார்ச்சில் தந்தி கொடுத்தபோது விவரம் எதுவும் சொல்ல முடியவில்லை. பனிப்புயலில் விமானம் இறங்காமல் நீ இரண்டு நாள் விமான நிலையத்திலேயே கிடந்துவிட்டுத் திரும்பினாய் என்று மெல்வின் சொன்னார். வருத்தப்படாதே. நீ வந்திருந்தாலும் அவரை உயிரோடு பார்த்திருக்க முடியாது. அவர் போன அன்று மதியம் நல்ல வெயில். மேல்பனி உருகி இறுகிக் கெட்டியாக இருந்தது. வண்டியில் வைத்துக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். முகத்தை வெயிலுக்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டார். காகங்கள் திரும்ப வந்திருந்தன. அவை போட்ட கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து படுக்கவைத்தேன். காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. தனியாகப் போனார் என்று நினைத்து முதலில் மனசு அடித்துக்கொண்டது. இப்போது, நான் அறையை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்தாரோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ ஜனவரியில் கிளம்பிப் போன சாயங்காலம் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு போயிட்டா, இல்ல?"

நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "யாரு? நோரீனா? அவளுக்கு லீவு கிடைக்கல" என்றேன்.

"ரொட்டி சுடுறவ. புதுசாக் கல்யாணம் ஆனவ. புருஷன் முதல் தடவை அண்ணன் வீட்டுக்கு வர்றான். ஒரு ரொட்டிகூடவா... குடுத்தனுப்ப மாட்டா?"

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நடுவில் வாயைத் துடைத்துவிட்டேன். துணியைக் கீழே வைத்துவிட்டு, நான்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, கஞ்சி ஊட்டும்போது, "நீ செஞ்சது சரிதான். எனக்குத்தான் மனசு வரல" என்றார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். இல்லை. "நாலு தும்மல்... நாலு கல்யாணம்... திருட்டுப் பய" என்றார். சிரித்துச் சிரித்துக் கஞ்சி புரையேறிவிட்டது. "நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும் அவனுக்கு. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினான் கதையை" என்றார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். அவர் சொன்ன எதைத்தான் நான் காப்பாற்றினேன், இதைக் காப்பாற்ற? நீ அவரை ஏமாற்றிவிட்டதாக எண்ணி மனதில் பாரம் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனார். உன்மேல் ஆசையாகப் போனார்.

நிலம் இன்னும் இளகவில்லை. இந்த மாத நடுவில் குழி வெட்டலாம் என்று தேவாலயத்தில் சொல்கிறார்கள். அதுவரை பெட்டி அங்கேயே குளிரறையில் இருக்கிறது. நீ வந்த பிறகுதான் மண் போட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வந்தால் உடனே திரும்பாதே. கோடை முழுவதும் இரு. நோரீனுக்கு எழுது என்றும் சொல்ல மாட்டேன், எழுதாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் விரல்களைப் பற்றி மட்டும், எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் எனக்கு எழுது. என்னிடம் மறைக்காதே.

நேற்று ஏரி திறந்தது. சவுனாவை மூட்டித் தனியாக உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு வருடத்தில் நான் வாய்விட்டு அழவே இல்லை லென்னார்ட். அவர் இருந்தபோது அவர் காதில் விழக் கூடாது என்று. போன பிறகு, வருகிறவர்கள் முன்னால் அழுகை வரவில்லை. சூடு தாங்காமல் வெளியே ஓடிவந்து, பனிக்கட்டித் துண்டுகள் இன்னும் மிதந்துகொண்டிருந்த தண்ணீரில் குதித்துவிட்டேன். குளிர் நெஞ்சைப் பிடித்தது. கத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கத்தினேன். நிறுத்த முடியவில்லை. எதிர்க்கரையில் மெல்வின் வீட்டுக் கதவு திறந்தது. மனிதர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "என்னம்மா, ரொம்பக் குளிருதா?" என்று கூப்பிட்டார்.

"ஆமா!" என்று நானும் கத்தினேன். "ரொம்பக் குளிருது மெல்வின்! ரொம்பக் குளிருது!"

உன்னை எதிர்பார்த்து,
அண்ணி கெர்டா